பலகுரல் சுடலைமுத்து, பி.ஏ., பி.எல்.

உக்காருங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல இந்த மெஸ்ஸுல தனி மேசை வேணும்னா ஜட்ஜய்யாவே வந்தாலும் கிடைக்காது. பையை மட்டும் இந்தப் பக்கம் வச்சுக்கிடுதேன். உள்ள கவுன் இருக்கு. சாம்பார் பட்டா போச்சு.

நம்ம பக்கமோ? "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க"ன்னு சொன்னியள்லா, அந்த ஒண்ணு போதும். ஆலங்குளமா? இல்லையா? அப்பம் கடையம். ஆ, பாத்தியளா! எனக்குக் காது அப்படி. வரம்னும் சொல்லலாம், வியாதின்னும் சொல்லலாம்.

என்னது, மவளுக்கு இன்னைக்கு எண்ரோல்மெண்டா? வக்கீலாவா? பிள்ள எங்க? போட்டோ எடுக்கப் போயிருக்காளா? எடுக்கட்டும், எடுக்கட்டும். கவுன் போட்ட முத நாளு எல்லாரும் கட்டடத்துக்கு முன்னால நின்னு போட்டோதான். நானும் எடுத்தேன். எங்கப்பா ஓரத்துல செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பாரு அதுல.

நானும் வக்கீல்தான் அண்ணாச்சி. சுடலைமுத்து. திருநெல்வேலி கோர்ட்டு. வேடிக்கையைப் பாருங்க, அதே பார் கவுன்சில்ல உங்க மவளுக்கு ஒரு மாடியில கவுன் போட்டு விடுதாவ. எனக்கு இன்னொரு மாடியில கழட்டலாமா வேண்டாமான்னு யோசிக்காவ. ஒழுங்கு நடவடிக்கைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, மூணு பேரு. காலையில விசாரிச்சாவ. இப்பம் சாப்பாட்டுக்கு எந்திரிச்சிருக்காவ. ரெண்டரைக்கு உத்தரவு.

அட, கையை ஏன் இலையில இருந்து எடுக்கிய? கொலைக் குத்தம் ஒண்ணும் இல்ல. வாய்தா கேட்டேன். அவ்வளவுதான். வாய்தா கேக்காத வக்கீல் உண்டா உலகத்துல?

அண்ணே, இங்க ரசம் கொஞ்சம்.

சுருக்கமாச் சொல்லுதேன். நான் சட்டம் படிக்கும்போதே பலகுரல் பண்ணுவேன். கோயில் கொடைன்னா வில்லுப்பாட்டுக்கும் கரகாட்டத்துக்கும் நடுவுல அரைமணி நேரம் நம்ம ஐட்டம். "பலகுரல் வேந்தன் சுடலைமுத்து." தவளை, ரயிலு, ரேடியோவுல செய்தி வாசிக்கிற அம்மா, எங்க ஊரு பிரசிடெண்டு மைக் டெஸ்ட் பண்றது... எல்லாம் வரும். கவுன் போட்ட பொறவும் ரெண்டு கொடைக்குப் போனேன். பணகுடியில கமிட்டிக்காரன் ஆர்வக்கோளாறுல நோட்டீஸ் அடிச்சுட்டான், "வழக்கறிஞர் பலகுரல் வேந்தன்"னு. அது எப்படியோ எங்க சீனியர் கைக்குப் போச்சு.

கோமதிநாயகம் சாரு. பேரு கேட்டிருப்பிய. சிவில் கேசுன்னா ஜில்லாவுல அவருதான். என்னைக் கூப்பிட்டாரு. நோட்டீஸை மேசையில வச்சாரு. கவனிச்சுக் கேளுங்க அண்ணாச்சி, இதுதான் அவரு குரலு.

"ம்ஹ்ம். .... சுடலை. வக்கீல் விளம்பரம் பண்ணப்படாது. இது ஒரு விதி. கவுன் போட்டவன் வேற தொழில் பண்ணப்படாது. இது இன்னொரு விதி. ஒரே நோட்டீஸ்ல ரெண்டையும் ஒடச்சிட்ட. கெட்டிக்காரன்."

அந்த மேசைக்காரரு திரும்பிப் பாத்தாரு, கவனிச்சியளா? எழுபத்தாறு வயசு ஆளு எங்க இருக்காருன்னு தேடுதாரு. ஹ! இதுல சூட்சுமம் குரலு இல்ல. முதல்ல ஒரு செருமல். பொறவு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாரு. அந்தச் சும்மாவுலதான் கோர்ட்டே அடங்கும். எங்க வக்கீல்மாருல நாலு பேரு அவரு மாதிரி பேசுவான். எல்லாரும் குரலைப் பிடிச்சான். நான் அந்தச் சும்மாவைப் பிடிச்சேன்.

சரி. மேடையை விட்டுட்டேன். விடச் சொன்னாரு, விட்டேன். அவரு அதுக்கு ஒரு வரலாறே சொல்லுவாரு. அவங்கப்பா அந்தக் காலத்துப் பிளீடர். அப்பம் பாரிஸ்டர்னா சீமைக்குப் போயிட்டு வந்தவன், வக்கீல்னா மெட்ராஸ்ல படிச்சவன், பிளீடர்னா ஜில்லாவுக்குள்ள மட்டும் கத்துறவன். இவன் நிக்கிற இடத்துல அவன் நிக்க முடியாது. அறுபத்தொண்ணுல சட்டம் வந்துதான் எல்லாரும் அட்வகேட்டு, எல்லாருக்கும் ஒரே கவுனு. "ம்ஹ்ம். .... எங்கப்பா ஹைக்கோர்ட்டுல வாயத் தொறக்க முடியாது, சுடலை. ஒரு சட்டம் போட்டுத்தான் எனக்கு வாய் குடுத்தாவ. உனக்கும் குடுத்தாவ. அதைக் கொண்டுபோயி தவளைக்கு வாடகைக்கு விடுதியே." நான் தவளையை விட்டேன். ரயிலை விட்டேன். ஆனா தொண்டை விடுமா அண்ணாச்சி? அவரு ஆபீஸ்ல இல்லாத நேரம் அவரு மாதிரி பேசுவேன். குமாஸ்தா சிரிப்பான். கட்சிக்காரங்க சிரிப்பாவ. வடிவும் சிரிச்சிருக்கா.

வடிவுன்னா, இந்தப் புகாரு குடுத்த பொம்பளை. அருணாசலவடிவு. பாளையங்கோட்டையில மாவு மில்லு வச்சிருந்தா. எந்த நேரம் வந்தாலும் புருவத்துல மாவு இருக்கும். சேலைத் தலைப்பை வாயில பொத்திக்கிட்டுச் சிரிப்பா. "ஐயோ, சாரே வந்த மாதிரி இருக்கு"ம்பா. அப்பம் சிரிச்சவதான் இன்னைக்கு எனக்கு எதிரா சாட்சி. மனுச நன்றியைப் பாருங்க.

அவ கேசு என்னன்னா, மில்லு இருக்கிற கடையைக் காலி பண்ணச் சொல்லி கட்டடக்காரன் கோர்ட்டுல டிகிரி, அதான் தீர்ப்பு, வாங்கிட்டான். நாங்க அப்பீல் போட்டு இடைக்காலத் தடை வாங்கி வச்சிருந்தோம். தடை ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீட்டிச்சாத்தான் உண்டு. அந்தத் தடை இருக்கிற வரைக்கும் அவ மில்லு ஓடும். இதுதான் கேசு. வேற ஒண்ணும் இல்ல.

அன்னைக்கு சீனியரு பேத்தி கல்யாணம், சங்கரன்கோவில்ல. கோர்ட்டு அப்பம் வீடியோவுல நடக்கு. "நீ பாத்துக்கோ சுடலை, தடையை மட்டும் நீட்டிச்சுரு"ன்னுட்டுப் போயிட்டாரு. நான் ஆபீஸ்ல லேப்டாப் முன்னால, மேல கோட்டு, கழுத்துல வெள்ளைப் பட்டை, அதான் பேண்டு, கவுனு. கீழ கைலி. யாரு பாக்கா?

கேசைக் கூப்பிட்டாவ. நான் எந்திரிச்சு, வழக்கம்போல, "அய்யா, சீனியர் வேற கோர்ட்டுல..." ஜட்ஜு புதுசு. கோவக்காரரு. சன்னக் குரலு, மூக்கால பேசுவாரு. "எல்லா வாய்தாவுக்கும் நீர்தான் வாறீரு. கோமதிநாயகம் சாரு எங்க? அவரே வரணும். அஞ்சு நிமிசம். இல்லன்னா அப்பீலைத் தள்ளுபடி பண்ணிருவேன்."

அஞ்சு நிமிசம் அண்ணாச்சி! சீனியருக்குப் போன் அடிக்கேன். எடுக்கல. திருப்பி அடிக்கேன். யாரோ எடுத்தாவ, ஒரே நாகசுரமும் மேளமும். "சாரு தாலி எடுத்துக் குடுக்காவ"ன்னு ஒரு பொம்பளை கத்துதா. வச்சுட்டா. அப்பீல் போச்சுன்னா எல்லாம் போச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவிய? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

கேமராவை அணைச்சேன். ஸ்கிரீன்ல என் பேரு இருந்த இடத்துல அவரு பேரை அடிச்சேன்.

"ம்ஹ்ம். ...."

ஜட்ஜு நிமிந்து உக்காந்தாரு! நான் இன்னும் ஒரு வார்த்தை பேசல, அவரு நிமிந்துட்டாரு! "வணக்கம் சார், சிரமப்படுத்திட்டேன்"ங்காரு. நான், "சிரமமா? ம்ஹ்ம். .... கல்யாண வீட்டுல இருக்கேன். நெட்டு சரியில்ல. முகம் தெரியாது. தெரியிற அளவுக்கு முகமும் இல்ல." ஜட்ஜு சிரிச்சாரு. கோர்ட்டு கிளார்க் சிரிச்சாவ. அம்பத்தி ஆறு பேரு அந்த லிங்க்ல இருக்கான், ஒருத்தனுக்கு, ஒரே ஒருத்தனுக்குக்கூடச் சந்தேகம் வரல. நான் எத்தனையோ மேடை ஏறியிருக்கேன் அண்ணாச்சி. இந்த மாதிரி ஒரு சபை வாய்ச்சதே இல்ல.

வாய்தா கேட்டேன். "அதுக்கென்ன சார், தாராளமா"ன்னு குடுத்துட்டாரு. குடுத்தாரா இல்லையா? குடுத்தாரு. என் வேலை முடிஞ்சு போச்சு. அப்பம் கட்டடக்காரன் வக்கீலு உள்ள விழுந்தான். "வாய்தா குடுங்க, ஆனா தடையை நீட்டிக்கப்படாது, எங்க கட்சிக்காரருக்கு நஷ்டம்"னான். ஜட்ஜு, "நீங்க என்ன சொல்லுதிய சார்?"

இந்த இடத்தைத்தான் அந்த மூணு பேருக்கும் புரிய வைக்க முடியல. நீங்களாவது கேளுங்க. எங்க சீனியர்கிட்ட ஒரு வழக்கம் உண்டு. எதிர்த்தரப்பு குதிக்கும்போது அவரு குதிக்க மாட்டாரு. ரெண்டு கையையும் இப்படி விரிச்சு, "கோர்ட்டார் சித்தம்"னுட்டு உக்காந்துருவாரு. அவ்வளவுதான். ஜட்ஜுமாரு அப்படியே உருகி, அவரு பக்கமே உத்தரவு போட்டுருவாவ. ஜில்லா முழுக்கத் தெரியும். அந்தக் கேள்வி வந்ததும் அந்தக் குரலுக்கு வேற என்ன வார்த்தை வரும்? நான் சுடலைமுத்தா இருந்தா, "அய்யா, தடையை நீட்டிங்க அய்யா"ன்னு கெஞ்சியிருப்பேன். ஆனா அப்பம் சுடலைமுத்து எங்க இருக்கான்?

"ம்ஹ்ம். .... கோர்ட்டார் சித்தம்."

ரெண்டு கையையும் விரிச்சேன், கேமரா அணைஞ்சு கிடக்கு, இருந்தாலும் விரிச்சேன்.

ஜட்ஜு புதுசுல்லா. அவருக்கு அந்த வழக்கம் தெரியல. "ஆட்சேபணை இல்லைன்னு மூத்த வழக்கறிஞரே சொல்லிட்டாரு"ன்னு எழுதிட்டாரு. தடை நீட்டிக்கல.

மறுநாள் காலையில கட்டடக்காரன் கோர்ட்டு அமீனாவோட வந்து, மில்லை ஒவ்வொண்ணாத் தூக்கி ரோட்டுல வச்சுட்டான். அன்னைக்குன்னு மழை. மெசின்ல ஒட்டியிருந்த மாவு எல்லாம் நனைஞ்சு கூழா ரோட்டுல ஓடிச்சாம். நான் போகல, சொன்னாவ. அவ இப்பம் ஏதோ ஓட்டல்ல இட்லிக்கு மாவாட்டுதாளாம். மெசின் திருப்பி ஓட மாட்டேங்குதாம். நான் என்ன பண்ண முடியும்? மழையை நானா கூப்பிட்டேன்?

சீனியரு கல்யாண வீட்டுல இருந்து வந்து உத்தரவைப் படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. என்னை ஏறிட்டுப் பாத்தாரு. ராத்திரி கிளம்பும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "சுடலை, ஜட்ஜு மனசுல என் பக்கம் தீர்ப்பு விழுந்த பொறவுதான் நான் அந்த வார்த்தையைச் சொல்லுவேன். அது விழுற வரைக்கும் நானும் கெஞ்சத்தான் செய்வேன். நீ அதைக் கவனிக்கவே இல்ல." குறை சொல்லணும்னா என்னத்தையாவது சொல்லலாம் அண்ணாச்சி. குரல்ல குறை உண்டுன்னு சொன்னாரா? சொல்லல.

வடிவு விடல. அவ அன்னைக்கு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து கோர்ட்டைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. போன்ல பதிவும் பண்ணியிருக்கா. அது தப்பு, கோர்ட்டு நடவடிக்கையைப் பதிவு பண்ணப்படாது, அதை ஒருத்தரும் கேக்கல! நேரா பார் கவுன்சிலுக்கு எழுதிட்டா. "ஆஜரானது என் வக்கீல் இல்ல, அவரு ஜூனியர் குரலை மாத்திப் பேசினாரு"ன்னு.

எனக்கு மெட்ராஸ்ல ஒரு வக்கீல் பிடிச்சேன். அவரு சொன்னாரு, இப்படி, ஏ.சி.யில உக்காந்தவன் மாதிரி பேசுவாரு: "மிஸ்டர் சுடலைமுத்து, ஒரே வழி. பலகுரல் கலை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு எழுதிக் குடுத்துருங்க." எழுதிக் குடுத்தேன். கையெழுத்தும் போட்டேன் அண்ணாச்சி, நெசமா. "எனக்கு மிமிக்ரி தெரியாது." பெத்த பிள்ளையைத் தெரியாதுன்னு சொல்ற மாதிரி.

இப்பம் இன்னைக்குக் காலையில நடந்ததுக்கு வாறேன். சாப்பிடுங்க, இலையில அப்பளம் அப்படியே கிடக்கு.

மூணு பேரு. நடுவுல தலைவரு. அவரு கேள்வி கேட்டா தாலாட்டுப் பாடுற மாதிரி இருக்கும், ஆனா முள்ளு உள்ள இருக்கும். பதிவைப் போட்டாவ. அந்த ரூம்ல என் செருமலு கேட்டுச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. நானே இப்பம்தான் வெளிய இருந்து கேக்கேன். அண்ணாச்சி, ஒரு பிசிறு இல்ல!

வடிவு எந்திரிச்சா. "இது சார் குரல் இல்ல. சார் எங்க போனாலும் 'அருணாசலவடிவு அம்மா'ன்னு முழுப் பேரு சொல்லுவாவ. இதுல என் பேரே வரல." எப்படிக் கவனிச்சிருக்கா பாருங்க. அது ஒண்ணு விட்டுப் போச்சுதான். அவசரம்.

தலைவரு என்னைப் பாத்து, "உங்களுக்கு மிமிக்ரி வருமா?" நான், "வராதுங்கய்யா." தொண்டைக்குள்ள தவளை, ரயிலு, பிரசிடெண்டு எல்லாம் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கு. வராதுங்கய்யா.

பொறவு சீனியரைக் கூப்பிட்டாவ. இவரு ஒரு வார்த்தை, "நான் பேசல"ன்னு சொன்னாப் போதும். அங்கயே என் வக்கீல் சன்னது முடிஞ்சுது. எம் பொண்டாட்டி, பிள்ளைய ரெண்டு, வீட்டுக் கடன், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில நிக்கு. பதிவை முழுக்கக் கேட்டாரு. "இன்னொரு தடவை போடுங்க"ன்னாரு. போட்டாவ. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. என் பக்கம் திரும்பவே இல்ல.

"ம்ஹ்ம். .... இது என் குரல்தான்."

வடிவு, "சார்!"னா. ஒரே ஒரு தடவை. பொறவு பெஞ்சுல உக்காந்துட்டா. தலைவரு குனிஞ்சு, அதே தாலாட்டுல, "சார், யோசிச்சுச் சொல்லுங்க. நீங்கதான் பேசினீங்கன்னா, கட்சிக்காரருக்கு எதிரா விட்டுக்கொடுத்தது நீங்கன்னு ஆகும். உங்க மேல தனியா நடவடிக்கை வரும்." சீனியரு, "தெரியும். கல்யாண மண்டபத்துல இருந்து போன்ல பேசினேன். கவனம் இல்லாமப் பேசிட்டேன்"ங்காரு.

எனக்கு உயிர் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு. அந்த இடத்துல நிறுத்தியிருந்தா நான் இந்நேரம் உங்களுக்குப் பாயாசம் வாங்கிக் குடுத்துக்கிட்டு இருப்பேன். ஆனா அந்த ஓரத்துல ஒரு மெம்பரு உக்காந்திருந்தாரு, வெந்நீர் குடிச்சுக்கிட்டே இருந்தவரு. அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "இந்த ஆளு ஒருவேளை மிமிக்ரி பண்ணியிருக்கலாமோ?"ன்னு சீனியரைக் கேட்டாரு. சீனியரு சிரிச்சாரு அண்ணாச்சி. லேசா.

"அவனா? .... அவனுக்கு என் குரல் வராது. ஆபீஸ்ல முயற்சி பண்ணுவான். வராது. அவ்வளவு திறமை கிடையாது."

மூணு பேரும் சிரிச்சாவ. நடுவுல இருந்த தலைவரும் சிரிச்சாரு.

திறமை கிடையாதாம்.

அட, நீங்களும் அதையே சொல்லுதியளே. எம் பொண்டாட்டியும் போன்ல அதைத்தான் சொல்லுதா, "உங்களைக் காப்பாத்தத்தானே சொன்னாரு, கால்ல விழுந்துட்டு வாங்க"ன்னு. காப்பாத்தணும்னா "என் குரல்தான்"னு சொன்னாரே, அது போதும்லா? கேசு அங்கயே முடிஞ்சுதுல்லா? அதுக்கு மேல எதுக்கு அந்த வார்த்தை? வராதுன்னு ஒரு தடவை சொன்னாப் பத்தாதா, ரெண்டு தடவை எதுக்கு? அன்னைக்கு அம்பத்தி ஆறு பேரு ஏமாந்தானே, அது யாரு குரல்ல ஏமாந்தான்? இவரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு! இப்பம் பதிவுலயும் அவரு பேரு, உத்தரவுலயும் அவரு பேரு. என் வாழ்நாள்ல நான் செஞ்சதுலயே உச்சமான ஒண்ணை, அப்படியே எடுத்துத் தன் பையில போட்டுக்கிட்டாரு.

வெளிய வரும்போது வராண்டாவுல என் தோளைத் தொட்டாரு. "போயிச் சாப்பிட்டுட்டு வா. உள்ள வந்து வாயைத் தொறந்துராத"ன்னாரு. பாத்தியளா, வாயைத் தொறக்கப்படாதாம். வடிவு தூணு பக்கம் நின்னா. அவரு அவகிட்டப் போயி ஏதோ சொல்லிக் கும்பிட்டாரு. அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. எழுபத்தாறு வயசு ஆளு கும்பிட்டா திரும்பிக் கும்பிட வேண்டாமா? மரியாதை தெரியாதவ.

அவருக்கு என்ன ஆகும்னு கேக்கியளா? ஒண்ணும் ஆகாது. நோட்டீஸ் வரும், விசாரணை வைப்பாவ. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்பாவளோ என்னவோ. இந்த வயசுல அவருக்குக் கவுன் எதுக்கு? பேரா? அம்பது வருசமாச் சம்பாரிச்ச பேரு இருக்குல்லா, அதுல கொஞ்சம் போனா என்ன?

நான் உள்ள எந்திரிச்சுப் பேசினா எனக்கு என்ன ஆகும்? அது தெரியும். நான் கிறுக்கன் இல்ல. ஆள்மாறாட்டம், பொய் உறுதிமொழி. வக்கீல் பட்டியல்ல இருந்து பேரை அடிச்சுருவாவ. கேசும் போடுவாவ. தெரியும் அண்ணாச்சி, ஏன் கையைப் பிடிக்கிய? விடுங்க, எல்லாரும் பாக்காவ. இதுல எனக்குன்னு சொந்த விருப்பு ஒண்ணும் இல்ல. ஒரு கலைக்குச் செய்ய வேண்டிய மரியாதை, அவ்வளவுதான். நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா? உள்ள போயி, "அய்யா, ஒரு நிமிசம்"னு எந்திரிச்சு, அவரு குரல்ல ஒரே ஒரு வாக்கியம். போதும். பொறவு அவங்களே சொல்லட்டும் யாருக்குத் திறமை கிடையாதுன்னு.

மணி ரெண்டு இருபதா? அண்ணே, இலையை எடுத்துருங்க.

கவுனைக் கொஞ்சம் பிடிங்க, கை கழுவிட்டு வாறேன்... குடுங்க. காலர் சரியா இருக்கா? பேண்டு? சரி.

நீங்களும் வாங்களேன். பிள்ள இன்னும் போட்டோதான் எடுத்துக்கிட்டு இருப்பா. வராண்டாவுல கதவுகிட்ட ஒரு பெஞ்சு கிடக்கு, உள்ள பேசுறது நல்லா கேக்கும். அந்த மூணு பேரும் படிச்சவங்கதான், இல்லைங்கல, ஆனா ரசிக்கத் தெரியணும்லா. நம்ம ஊருக்காரரு ஒருத்தராவது கேக்கணும்.

வாங்க, வாங்க. ஒண்ணே ஒண்ணு. எவ்வளவு நல்லா இருந்தாலும் கை தட்டிராதீய. உள்ள அதெல்லாம் கூடாது.